இருளுக்குச் சுமந்துசெல்லும் மின்சாரம்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதுமாறு மலர்க்குழுவினர் பணித்தபொழுது, தமிழாசிரியனாகிய நான் இலக்கணத்தைப் பற்றியோ இலக்கியத்தைப் பற்றியோ எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். ஆயின், எமது வானியற் கழகத்துக்குப் பொறுப்பாயிருந்த விஞ்ஞான ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றபின் அப்பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. அப்பணியில் நான் பட்டறிந்த பாடம் ஒன்றையே ஈண்டு எழுதத் துணிந்தேன். மின்கம்பி எட்டாத இடத்தில் தொலைகாட்டியையும் படப்பிடிப்புக் கருவிகளையும் இயக்குதற்கு எத்தகைய பற்றரியை, எவ்வளவு பெரிதாகத் தெரிந்து கொள்ளல் வேண்டும் என்பதே அப்பாடம். மாணவர்க்கு இது பயன்படும். கடல்கடந்த நாடுகளிலிருந்து கல்லூரிக்குக் கருவிகள் வாங்கியனுப்ப விரும்பும் பழைய மாணவர்க்கும் இது பயன்படும் என நம்புகின்றேன்.

நெடுந்தீவில் ஓர் இரவு

2023ஆம் ஆண்டு பங்குனி மாதத்து அமாவாசை இரவு அது. மாணவர் பன்னிருவரும் ஆசிரியர் இருவருமாக நெடுந்தீவுக்குச் சென்றிருந்தோம். யாழ்ப்பாண நகரில் இன்று வீதி விளக்குகளின் ஒளி விண்மீன்களை விழுங்கி விடுகின்றது. கடல் கடந்து சென்றாற்றான் நல்லிருள் கிடைக்கும். அன்பர் ஒருவர் தமது காரிலிருந்து கழற்றித் தந்த பற்றரியைக் குறிகட்டுவான் துறையில் மாணவர் இருவர் படகில் ஏற்றினர். 45 அம்பியர்மணி எனப் பொறிக்கப்பட்ட அப்பற்றரி 12 கிலோ அளவில் எடையுடையது.

ஒமேகா செந்தோரி என்னும் பெரிய விண்மீன் கொத்தைப் படம்பிடிப்பதே எமது நோக்கம். அக்கொத்து எமது அகலக்கோட்டில் தென்வானில் 30 பாகைக்கு மேல் எழுந்து தோன்றும். இலண்டனில் வாழ்வோர் அதனைத் தம் வானத்தில் ஒருபோதும் காணமாட்டார். பங்குனிக் கடைக்கூற்றில் அது உச்சிக்கு வருவது நள்ளிரவு கழிந்து ஒன்றரை மணிக்குப் பின்னரேயாம். ஆகவே இரவு 8 மணிக்கே கருவிகளை நிறுவி, ஒழுங்கு செய்து, வேறு பொருள்களைப் படம்பிடித்துக் கொண்டு காத்திருந்தோம்.

நள்ளிரவு கடந்து பத்து நிமிடம் ஆயிற்று. தென்சிலுவை தெற்கே ஏறக்குறைய நிமிர்ந்து நின்றது. அவ்வேளையில் தொலைகாட்டியைத் திருப்பும் பொறி முனகி நின்றுவிட்டது. மடிக்கணினிக்கு மின் வழங்கிய இன்வேட்டரும் கூவி அடங்கிற்று. இத்தகைய பொறி நின்றுவிடின், தான் வானத்தில் எத்திசையை நோக்கி நின்றது என்பதையும் மறந்துவிடும். மீண்டும் மின்சாரம் கிடைப்பினும் ஒழுங்கு செய்யும் வேலையை முதலிலிருந்தே தொடங்கல் வேண்டும். எமக்கோ மின்சாரமே கிடைத்திலது.

உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்த மாணவன் ஒருவன் என் அருகில் வந்து, “சேர், பின்னேரம் பார்த்தபோது பற்றரி நிறைந்திருந்ததே! பிறகு ஏன் நின்றது?” என்று கேட்டான். அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. அவன் அவ்வாண்டுடன் கல்லூரியை விட்டு நீங்கினான். நான் பின்னர்க் கணக்கிட்டுக் கண்ட விடையே இனி வருவது.

அறிய வேண்டிய அளவுகள்

உயரத்தில் அமைந்த நீர்த்தொட்டி ஒன்றை எண்ணிக் கொள்க. தொட்டியின் உயரத்தால் நீருக்கு உண்டாகும் தள்ளுவிசை போன்றது உவோற்று. குழாயில் ஒரு கணத்தில் ஓடும் நீரின் அளவு போன்றது அம்பியர். இவ்விரண்டையும் பெருக்கினால் வருவது உவாற்று. அஃது ஒரு கருவி மின்னை உண்ணும் வேகம். அவ்வேகத்தை மணித்தியாலங்களாற் பெருக்கினால் உவாற்றுமணி வரும். ஓரிரவுக்கு வேண்டிய மொத்த உணவு எவ்வளவு, பற்றரியில் உள்ள மொத்த இருப்பு எவ்வளவு என்பவற்றைச் சொல்வது இந்த உவாற்றுமணியேயாம்.

பற்றரிமேல் எழுதிய எண்ணைக் கண்டு மயங்குவோர் பலர். கைத்தொலைபேசிக்குப் பயன்படும் பவர் பாங்க் ஒன்றில் 20,000 மில்லியம்பியர்மணி என்றும், சிறிய ஈயப் பற்றரி ஒன்றில் 7 அம்பியர்மணி என்றும் எழுதப்பட்டிருப்பின் எது பெரிது? 20,000 என்பதே பெரிதென வகுப்பில் அனைவரும் கூறினர். பவர் பாங்கின் எண், பெரும்பாலும் உள்ளிருக்கும் கலத்தின் 3.7 உவோற்றுக்கு உரியது. 20 அம்பியர்மணியை 3.7ஆற் பெருக்க 74 உவாற்றுமணியே வரும். ஈயப் பற்றரியின் 7 அம்பியர்மணியை 12ஆற் பெருக்கினாலோ 84 உவாற்றுமணி வரும். ஆதலின் இருவேறு பற்றரிகளை ஒப்பிடும்போது, இரண்டையும் உவாற்றுமணியாக மாற்றிய பின்னரே ஒப்பிடுக.

செலவுக் கணக்கு

குடும்பக் கணக்கைச் செலவிலிருந்து தொடங்குவோர் கடன்படார் என்று எங்கள் வீட்டுப் பெரியோர் சொல்வர். பற்றரிக் கணக்கும் அவ்வாறே. அன்றிரவு நாம் இயக்கிய கருவிகளை நோக்குவோம். தொலைகாட்டியைத் தாங்கி விண்ணோடு திருப்பும் பொறி சராசரியாக 10 உவாற்றை உண்டது. வில்லையிற் பனி படியாது காக்கும் வெப்பப் பட்டிக்கு 12 உவாற்று வேண்டியிருந்தது. மடிக்கணினியின் தேவை 35 உவாற்றேயெனினும், அதற்கு இன்வேட்டர் மூலம் மின் வழங்கினோம். 12 உவோற்றை 230 உவோற்றாக உயர்த்தி, மறுபடியும் அதனை 19 உவோற்றாகத் தாழ்த்தும்போது ஒருபகுதி வெப்பமாய் வீணாகும். ஆகவே பற்றரியிலிருந்து அதற்குச் சென்றது 45 உவாற்று. கமரா மட்டும் தன் சொந்தக் கலத்தில் இயங்கிற்று. மொத்தம் 67 உவாற்று.

இனி இருப்பைக் காண்போம். 45 அம்பியர்மணியை 12ஆற் பெருக்க 540 உவாற்றுமணி. ஆனால் ஈயப் பற்றரியில் உள்ளதனைத்தும் நமக்குரியதன்று. அதன் உவோற்று, மின் குறையக் குறையத் தாழ்ந்துகொண்டே வரும். நிறைந்து ஓய்ந்திருக்கையில் ஏறத்தாழ 12.7 ஆக உள்ளது, பாதி குறைந்தபோது 12.1 அளவுக்கு இறங்கும். சுமை ஏறும்போது இன்னும் தாழும். பாதிக்குக் கீழே மீண்டும் மீண்டும் இறக்கினால் பற்றரியின் ஆயுளும் குறையும். ஆகவே பாதியையே நம்புதல் முறை. அது 270 உவாற்றுமணி. 270ஐ 67ஆல் வகுத்தால் 4 மணித்தியாலம் வரும். 8 மணிக்குத் தொடங்கிய இயக்கம் நள்ளிரவில் நின்றது தற்செயலன்று. கணக்குப் போட்டிருந்தால் படகேறுமுன்பே அந்நேரத்தை அறிந்திருப்போம்.

முதலிற் செலவைக் குறைத்தல்

அந்நிகழ்ச்சிக்குப் பின் இன்னும் பெரிய பற்றரி வாங்குவோம் என்றே பலரும் கூறினர். நாம் மறுதலையாகத் தொடங்கினோம். இன்வேட்டரை முற்றாக நீக்கினோம். 12 உவோற்றில் இயங்கும் கருவியை 12 உவோற்றிலேயே இயக்குவதே சிக்கனம். மடிக்கணினிக்குப் பதிலாக, உள்ளங்கையளவான சிறு கணினி ஒன்றைத் தொலைகாட்டியோடு பொருத்தினோம். அது 7 உவாற்றை உண்ணும். கமராவையும் அதற்குரிய இணைப்பி மூலம் பெரிய பற்றரியோடு சேர்த்தோம். அதற்கு 5 உவாற்று. பொறிக்கு 10, வெப்பப் பட்டிக்கு 12. மொத்தம் 34 உவாற்று, முன்னையதிற் சரிபாதி.

இரவு 8 மணி தொடக்கம் விடியற்காலை 4 மணி வரை 8 மணித்தியாலம். 34ஐ 8ஆற் பெருக்க 272. உவோற்றை மாற்றும் சிறு பெட்டிகளில் ஏற்படும் இழப்புக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்க்க, ஏறத்தாழ 300 உவாற்றுமணி. இதுவே எமது தேவை. இதனை அறிந்த பின்னரே கடைவாசலை மிதித்தோம்.

பற்றரி வகைகள்

முதலாவது, வாகனப் பற்றரி. இயந்திரத்தைத் தொடக்குதற்குச் சில வினாடிகள் பெருமின்னோட்டம் தருவதற்கென்றே அது செய்யப்பட்டது. அதற்காக அதன் ஈயத் தகடுகள் மெல்லியனவாய் அமைந்துள்ளன. இரவு முழுதும் மெல்ல மெல்ல வடித்தால் அத்தகடுகள் கெடும். திரவ அமிலம் உள்ள வகையாயின் படகிற் சரிந்து சிந்தும் ஆபத்தும் உண்டு. வானியலாளர்க்கு இது உகந்ததன்று.

இரண்டாவது, ஆழமாக இறக்கி ஏற்றுதற்கென அமைந்த அடைத்த ஈயப் பற்றரி. இது தடித்த தகடுகளையுடையது; அமிலம் சிந்தாது; விலை மலிவு. ஆயினும் பாதியையே நம்பலாம் என்னும் விதி இதற்கும் பொருந்தும். மேலும் இதன் அம்பியர்மணி, பொதுவாக 20 மணித்தியாலத்தில் மெல்ல வடிப்பதைக் கொண்டு குறிக்கப்படும். விரைந்து வடித்தால் அவ்வளவு கிடையாது. எமது 300 உவாற்றுமணிக்கு 600 உவாற்றுமணி, அதாவது 50 அம்பியர்மணிப் பற்றரி வேண்டும். எடை 15 கிலோ அளவில் இருக்கும். கல்லூரி மைதானத்திலேயே பயன்படுத்துவோர்க்கு இது போதும்.

மூன்றாவது, இலிதியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றரி. இதில் ஐந்தில் நான்கு பங்கைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். 300ஐ 0.8ஆல் வகுக்க 375, அதனை 12.8 உவோற்றால் வகுக்க 29 அம்பியர்மணிக்குச் சற்று மேல். ஆகவே 30 அம்பியர்மணிப் பற்றரி போதும்; எடை ஏறத்தாழ 4 கிலோ. ஈயப் பற்றரி சில நூறு முறை ஏற்றி இறக்கத் தளரும். இது ஆயிரக்கணக்கான முறை தாங்கும். விலை அதிகமெனினும் ஆண்டுக் கணக்கிற் பார்க்கையில் நட்டமில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை: இதன் உவோற்று இறுதிவரை ஏறக்குறைய மாறாது நின்று, முடிவில் திடீரென விழும். உள்ளிருக்கும் காவற்சுற்றும் அப்போது மின்னைத் துண்டித்துவிடும். உவோற்றுமானியைப் பார்த்து மீதியை மதிப்பிட முடியாது. செலவான உவாற்றுமணியைக் காட்டும் சிறு மானி ஒன்றை இடையில் இணைத்துக் கொள்க.

நான்காவது, பற்றரி, இன்வேட்டர், பலவகைத் துளைகள் யாவும் ஒரே பெட்டியில் அமைந்த மின்பெட்டி. கையாள்வதற்கு எளிது. இதன் 230 உவோற்றுத் துளையைப் பயன்படுத்தாது 12 உவோற்றுத் துளையையே பயன்படுத்துக. இன்வேட்டர் சும்மா இருக்கும்போதும் சில உவாற்றை உண்ணும். அன்றியும், சுமை சிறிதாயின் தானே அணைந்துவிடும் இயல்பு சில பெட்டிகட்கும் பல பவர் பாங்குகட்கும் உண்டு. வாங்குமுன் அதனைக் கேட்டறிக.

கம்பியும் காவலும்

பற்றரி எவ்வளவு நல்லதாயினும் கருவியின் வாயிலை அடையும் மின்னே பயன்தரும். 3 மீற்றர் நீளமும் 0.75 சதுர மில்லிமீற்றர் தடிப்பும் உடைய செப்புக் கம்பியை எடுத்துக் கொள்வோம். மின் போகவும் வரவும் வேண்டுதலின் நீளம் 6 மீற்றராகும். அதன் தடை ஏறத்தாழ 0.14 ஓம். 5 அம்பியர் ஓடினால் வழியிலேயே 0.7 உவோற்று இழக்கப்படும். 2.5 சதுர மில்லிமீற்றர் கம்பியாயின் இழப்பு 0.2 உவோற்று மாத்திரமே. பற்றரி 12 உவோற்றைக் காட்டப் பொறி மட்டும் தடுமாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் மெல்லிய கம்பியோ தளர்ந்த இணைப்போ ஆகும். பொறி விரைந்து திரும்பும்போது இருமடங்குக்கு மேல் மின்னை இழுக்கும். குறை அப்போதே வெளிப்படும். காரிற் சிகரெட் பற்றவைக்கும் துளைக்குரிய செருகி அசைந்தால் கழன்றுவிடும். இருளில் மாணவர் கால் தடக்குதல் இயல்பு. ஆகவே திருகிப் பூட்டும் இணைப்பே நன்று.

பற்றரியின் நேர்முனைக்கு மிக அருகில் உருகி ஒன்றைக் கட்டாயம் இணைக்க வேண்டும். கம்பியின் இருமுனைகளும் தவறித் தொடுமாயின் பற்றரி தரும் மின்னோட்டம் கம்பியைச் செந்தணலாக்கும். சிவப்பு நேர், கறுப்பு எதிர் என்பதைப் பகலிலேயே ஒட்டிக் குறித்துக் கொள்க. மாறி இணைத்த ஒரு கணத்தில் விலையுயர்ந்த கருவி பாழாகலாம்.

குளிர்நாட்டார் எழுதிய நூல்கள் பற்றரியைக் குளிரிலிருந்து காக்குமாறு கூறும். எமக்குப் பகை வெப்பமே. வெப்பநிலை 10 பாகை சென்றிகிரேட் உயர்ந்தால் ஈயப் பற்றரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொது விதி. வெயிலில் நிறுத்திய வாகனத்துள் எப்பற்றரியையும் விட்டுச் செல்லற்க. இலிதியம் பற்றரியை அதற்குரிய ஏற்றியாலேயே ஏற்றுக. ஈயப் பற்றரியைப் பயன்படுத்தாத காலத்திலும் மாதம் ஒருமுறை நிறைய ஏற்றி வைக்க. எமது வானத்தில் மற்றொரு பகை பனி. தை, மாசி மாதங்களில் வெப்பப் பட்டி இல்லையேல் வில்லை நள்ளிரவுக்கு முன்னரே மங்கிவிடும். அதன் செலவைக் கணக்கில் விடாது சேர்க்க வேண்டும்.

இலண்டன், ரொறன்ரோ முதலிய நகரங்களில் வாழும் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். தொலைகாட்டியையும் கமராவையும் கொண்டுவருக. பெரிய பற்றரியைக் கொண்டுவர முயலற்க. பயணிகள் விமானத்தில் 100 உவாற்றுமணிக்கு மேற்பட்ட இலிதியம் பற்றரிக்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 160க்கு மேற்பட்டதைப் பயணப்பொதியில் ஏற்றவே விடார். அதனை இங்கேயே வாங்கிக் கொள்ளலாம்.

மாணவர்க்கு ஒரு கணக்கு

எமது கமராவுக்குப் பதிலாக 24 உவாற்று உண்ணும் குளிரூட்டிய கமரா ஒன்றைப் பொருத்தினால், அதே 8 மணித்தியாலத்துக்கு எத்தனை அம்பியர்மணி இலிதியம் பற்றரி வேண்டும்? 34இல் 5ஐக் கழித்து 24ஐக் கூட்ட 53. 8ஆற் பெருக்க 424. பத்தில் ஒரு பங்கு சேர்க்க 466. 0.8ஆல் வகுக்க 583, 12.8ஆல் வகுக்க 45.5. கடையிற் கிடைக்கும் அடுத்த அளவாகிய 50ஐக் கொள்க. இவ்வைந்து படிகளையும் மனத்திற் பதித்துக் கொண்டால் எக்கருவிக்கும் நீவிரே கணக்கிடலாம்.

முடிவாக

1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின், குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போன ஆண்டுகளிலேயே நான் சிறுவனாயிருந்தேன். பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிருந்தது. பெரியப்பா வானொலிச் செய்தி கேட்கும்போது, கவிழ்த்து நிறுத்திய சைக்கிளின் மிதியைக் கையாற் சுற்றி டைனமோவை இயக்குவது என் வேலை. நான் சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் சோரும். மின்சாரம் எங்கிருந்து வருகின்றது, எவ்வளவு வேண்டும் என்பது அன்று எம் தோள்களுக்குத் தெரிந்திருந்தது. அத்தகைய டைனமோ தருவது 3 உவாற்று. நெடுந்தீவில் நாம் இயக்கியவற்றுக்கு இருபத்திரண்டு சைக்கிள்களுக்கு மேல் வேண்டியிருக்கும். அதனைச் சிறுவயதில் அறிந்திருந்த நானே பெரியவனானபின் கணக்கிட மறந்தேன்.

அக்காலத்தில் வீட்டு முற்றத்திலிருந்தே பால்வீதி தெரிந்தது. பார்க்கும் மனநிலைதான் எவர்க்கும் இருக்கவில்லை. 2022ஆம் ஆண்டு பங்குனியில் நாடு முழுதும் நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்துக்கும் மேலாக மின்வெட்டு நேர்ந்தபொழுது அவ்வானம் சில இரவுகள் திரும்பி வந்தது. இன்று வெளிச்சம் நிறைந்துள்ளது, அது வேண்டியதே. இருளைத் தேடி நாம் தொலைவுக்குச் செல்கின்றோம். அங்கு மின்சாரத்தைச் சுமந்து செல்ல வேண்டியவராகின்றோம். சுமப்பதை அளந்து சுமப்போமாக. மாணவனுக்குக் கல்லூரியில் வாய்க்கும் தெளிந்த அமாவாசை இரவுகள் சிலவே. அவற்றுள் ஒன்றை ஆசிரியரின் கணக்குப் பிழையால் இழக்கச் செய்தல் தகாது.

2025ஆம் ஆண்டு மாசியில், 30 அம்பியர்மணிப் பற்றரியுடன் மீண்டும் நெடுந்தீவுக்குச் சென்றோம். விடியற்காலை 4 மணிக்குப் பொறியை நாமே நிறுத்தினோம்; மானியைப் பார்த்தபோது பற்றரியில் இன்னும் மீதி இருந்தது. அன்றெடுத்த ஒமேகா செந்தோரியின் படம் வானியற் கழகத்தின் சுவரிலே தொங்குகின்றது. முன்னர் என்னை வினவிய மாணவன் இன்று பழைய மாணவனாகி அயல்நாட்டில் வாழ்கின்றான். இம்மலர் அவன் கைக்கும் சேரும். விடை பிந்தியமைக்கு அவன் என்னைப் பொறுத்துக் கொள்வானாக.